மகளின் நாக்குக் கட்டு: என் அனுபவம்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில்தான் எங்கள் வீடு. மகள் பிறந்தபோது பால் நிறைய இருந்தும் அவளுக்கு வயிறு நிறையவில்லை. மணிக்கணக்கில் சப்புவாள், இடையிடையே 'டக் டக்' என்று சத்தம் வரும், வாயோரம் பால் வழியும். வாயை எடுத்ததும் பார்த்தால் காம்பு தட்டையாகி நுனி வெளுத்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். "பால் பத்தல, மாப்பால் கரைச்சுக் குடு" என்றார் மாமி.

லயத்துக்கு (எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்த மிட்வைஃப் மிஸ்ஸிதான் பிள்ளை அழும்போது நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் மெல்லிய சவ்வு நுனிவரை ஒட்டியிருந்தது; இதைத்தான் நாக்குக் கட்டு என்கிறார்கள். அழுகையில் நாக்கின் நுனி நடுவே உள்வாங்கி, இதய வடிவில் நின்றது. நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வராததால் ஆழமாகக் கவ்வ முடியவில்லை என்றார்.

முதலில் பிடிக்கும் முறையை மாற்றினோம்: வாய் அகலத் திறந்த பிறகு, பிள்ளையின் நாடி (முகவாய்) மார்பில் அழுந்தும்படி. சில பிள்ளைகளுக்கு இதுவே போதும், வெட்டத் தேவையில்லை. எனக்கு வலி குறைந்தது. அவளுக்கு நிறை ஏறவில்லை. பிறகுதான் ஆஸ்பத்திரியில் டொக்டர் சவ்வை வெட்டினார். நொடிப்பொழுது வேலை, சில துளி இரத்தம். உடனே மார்பில் போட்டேன். அந்தச் சத்தம் வரவேயில்லை. நான் அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கும் இதே கட்டு; இது குடும்பத்தில் வரக்கூடியது. கடைவாய்ப் பல்லில் ஒட்டியதை அவரால் நாக்கால் எடுக்க முடியாது, ஆனால் பேச்சு தெளிவு. எனவே "வெட்டாட்டி பேச்சு வராது" என்றால் பயப்படாதீர்கள். நாக்கில் தேன் தடவச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது.