பிளேன் எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்? நீங்களே கணக்குப் பார்க்கலாம்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ரிக்கெற் பிரிண்ட் எடுக்க வருகிற அம்மாமார் முதலில் கேட்பது, "தம்பி, எவ்வளவு நேரம் பிளேனுக்குள்ள இருக்கவேணும்?" என்றுதான். வயதான காலத்தில் தனியாகப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கவே வேண்டும்.

தூரத்தில் தொடங்குவோம். யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட் வட அகலாங்கு 9.79 பாகை, சென்னை 12.99. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில் நேர் மேலும் கீழுமாக இருக்கின்றன. கழித்தால் 3.2. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்குங்கள், 355 வரும். லண்டனுக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அது வடமேற்கே சரிந்து போகிற பாதை. கூகுள் மப்பில் கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா எயார்போட்டையும் லண்டன் ஹீத்ரோ எயார்போட்டையும் குறித்துத் தூரத்தை அளந்தால் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் காட்டும்.

இனி நேரம். பெரிய ஜெற் மணிக்கு 850 கிலோமீற்றர் போகும் என்று வையுங்கள். 8,700ஐ அதால் பிரித்தால் பத்தேகால் மணித்தியாலம். ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணித்தியாலம் கூட்டுங்கள். பாதையும் நேர்கோடாக இராது, ஆகவே 11 என்று நினைத்துக்கொண்டால் சரி. திரும்பி வரும்போது மேற்கிலிருந்து அடிக்கிற உயரக் காற்று தள்ளிவிடும், நேரம் குறையும். பலாலியிலிருந்து சென்னைக்குப் போவது விசிறி பூட்டிய ஏரிஆர் (ATR) என்ற சின்னப் பிளேன், வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. பறப்பது முக்கால் மணித்தியாலம்தான் என்றாலும் ரிக்கெற்றில் ஒன்றேகாலுக்குக் குறையாமல் போட்டிருப்பார்கள்.

ஆட்கள் குழம்புவது ரிக்கெற்றில் உள்ள மணியைப் பார்த்துத்தான். புறப்படுகிற மணி இங்கத்தைய நேரம், இறங்குகிற மணி அங்கத்தைய நேரம். பகல் 1.00க்கு வெளிக்கிட்டு இரவு 7.30க்கு லண்டன் என்றிருந்தால் ஆறரை என்று எண்ணக்கூடாது. கோடையில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பிந்தியது, அதையும் கூட்டினால் 11. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு தொடங்கி மார்ச் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் ஐந்தரை.

வன்னிச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இங்கே பழைய நேரமே இருந்தது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுகிற பஸ்ஸில், கையில் கட்டின மணிக்கூட்டில் ஒரு நேரம், அரசாங்கப் பக்கம் வவுனியாவில் அரை மணித்தியாலம் கூடின இன்னொரு நேரம். அதைச் சொன்னவுடன் தலையாட்டுவார்கள். 2006இல் இலங்கை நேரம் மறுபடி இந்திய நேரத்தோடு சேர்ந்துவிட்டது, அதனால் சென்னை ரிக்கெற்றில் நேரடியாகக் கழித்தால் போதும்.

டோகா, டுபாய் மாறிப் போகிறவர்கள் ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாகப் பார்த்து, நடுவில் காத்திருக்கிற நேரத்தையும் கூட்டவேண்டும். அது இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்த ரிக்கெற்றை வயதானவர்களுக்கு எடுக்காதீர்கள்.

படலையில் இருந்து எயார்போட் வரையும் பயணம்தான். பகல் 1.00 மணிப் பிளேனுக்குக் காலை 10.00க்குக் கட்டுநாயக்காவில் நிற்கவேண்டும். பஸ்ஸுக்கு ஏழு மணித்தியாலம் வையுங்கள். முதல்நாள் இரவு பத்து மணிக்கு முன் ஏறுவதுதான் நிம்மதி. புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகிற பஸ்ஸா என்று கேட்டு ஏறினால் கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை.

கூட்டிப்போக வருகிற பிள்ளைக்கு, பிளேன் இறங்குகிற மணியோடு ஒன்றரை மணித்தியாலம் கூட்டிச் சொல்லுங்கள். குடிவரவு வரிசையும் பெட்டி எடுப்பதும் அவ்வளவு நேரம் பிடிக்கும்.