கார் அலாரம் சும்மா சும்மா அலறுகிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

யாரும் தொடாமலே கார் கத்துகிறது என்றால் அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு சென்சாரோ ஸ்விட்ச்சோ தப்பான தகவல் கொடுக்கிறது என்று அர்த்தம். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே, சைரனைப் பிடுங்குவது அல்ல.

முதலில் சத்தத்தை நிறுத்துங்கள். ரிமோட்டில் அன்லாக் அழுத்துங்கள். கேட்கவில்லையா, சாவியால் கதவைத் திறந்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள், பெரும்பாலான கார்களில் அடங்கிவிடும். அவசரத்தில் பேட்டரி ஒயரை மட்டும் உருவாதீர்கள். சில சைரன்களுக்குள் தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும், மெயின் கரண்ட் போனதும் திருடன் ஒயரை வெட்டிவிட்டான் என்றே எடுத்துக்கொண்டு அது விடாமல் அலறும்.

படி 1: பேட்டரி. கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டரை (வோல்டேஜ் அளக்கும் கருவி) டிசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். 12.6 பக்கம் வந்தால் நல்ல நிலை. 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். 12-க்கும் கீழே போனால் மற்றதைத் தேடும் முன் சார்ஜ் ஏற்றுங்கள், ஏனென்றால் வோல்டேஜ் இறங்கினாலே சில அலாரங்கள் குழம்பிவிடும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள்.

படி 2: பானெட் ஸ்விட்ச். என்னைக் கேட்டால் பேட்டரிக்கு அடுத்து சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பானெட் பூட்டுக்குள்ளோ பக்கத்திலோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். மழைத் தண்ணீர், தூசி, இன்ஜின் சூடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்கும், அப்புறம் பானெட் மூடியிருந்தாலும் திறந்திருப்பதாகவே சொல்லும். காண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, கையால் பல முறை அழுத்தி விடுங்கள். சிக்காமல் மேலே வருகிறதா, ஒயர் சாக்கெட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஸ்விட்ச்சை மாற்றிவிடுவதே நல்லது.

படி 3: கதவும் டிக்கியும். எல்லாவற்றையும் மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டைப் பாருங்கள். கதவு திறந்திருப்பதாக விளக்கு காட்டினாலோ உள் விளக்கு அணையாமல் மினுக்கினாலோ ஆள் சிக்கிவிட்டது. புதிய கார்களில் ஸ்விட்ச் பூட்டுக்குள்ளேயே இருக்கும், அதனால் பூட்டையே மாற்ற வேண்டி வரலாம்.

படி 4: உள்ளே இருக்கும் சென்சார். காருக்குள் அசைவைக் கவனிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தால், கொஞ்சம் திறந்து விட்ட ஜன்னல், கண்ணாடியில் ஆடும் பொம்மை, உள்ளே மாட்டிக்கொண்ட ஈ இதெல்லாமே போதும் அது கத்த. அதை மட்டும் அணைக்கத் தனி பட்டன் இருக்கிறதா என்று கார் கையேட்டில் பார்த்து, ஒரு இரவு அணைத்து வைத்துப் பாருங்கள்.

படி 5: வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம். இதில் அதிர்வை உணரும் சின்னப் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். அது ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள திருகைத் துளித்துளியாகத் திருப்பி உணர்திறனைக் குறைத்து, பானெட்டை உள்ளங்கையால் தட்டிச் சோதியுங்கள். அந்தப் பக்கம் மஞ்சள் ஒயரோ சாக்கெட்டோ தெரிந்தால் கை வைக்கவே வேண்டாம், அது ஏர்பேக்குடையதாக இருக்கலாம்.

ஒரு இரவுக்கு ஒரு மாற்றம்தான். ரெண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு அடங்கவில்லை என்றால் சைரனுக்குள் இருக்கும் பேட்டரி செத்து, கசிந்திருக்கலாம். பழைய கார்களில் இது நடக்கும். மெக்கானிக்கிடம் போனால் உதிரிபாகத்தை மாற்றச் சொல்வதற்கு முன் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கடைசியாக அலாரத்தைக் கிளப்பியது கதவா பானெட்டா என்று பல கார்கள் பதிவு செய்து வைத்திருக்கும்.