சிங்கப்பூர் இரவுப் பந்தயத்துக்கு முதல்முறை போகிறீர்களா? ஞாயிறு இரவு பத்து மணியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

இந்தியாவில் பார்முலா ஒன் கார் பந்தயம் கடைசியாக நடந்தது 2013-இல், கிரேட்டர் நொய்டாவின் புத்த் தடத்தில். மலேசியாவின் செப்பாங்கும் 2017-ஓடு நின்றுபோனது. நம் ஊர்க்காரர்களுக்கு இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சிங்கப்பூர்தான். சென்னையிலிருந்து நாலு மணி நேரச் சொச்சம். திருச்சி, கோயம்புத்தூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த பார்முலா 4 இரவுப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய பந்தயத்தையும் ஒருமுறை நேரில் பார்க்கணும்" என்று சொன்ன நண்பர்கள் எனக்கே நாலைந்து பேர். அவர்களுக்குத் துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

2026-ஆம் ஆண்டுப் பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை. வெள்ளி, சனி, ஞாயிறு.

முதல் படி: திரும்பி வரும் விமானம்

எல்லோரும் டிக்கெட்டில் தொடங்குவார்கள். நான் திரும்பி வருவதிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம், என் முதல் பயணத்தில் நான் செய்த முட்டாள்தனம். திங்கள் காலை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று ஞாயிறு நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பும் விமானத்தைப் பிடித்து வைத்திருந்தேன். பந்தயம் தொடங்குவது சிங்கப்பூர் நேரம் இரவு 8 மணிக்கு. மொத்தம் 62 சுற்று, முடிய பத்து மணியை நெருங்கிவிடும். நாற்பதாவது சுற்றின்போது பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவன் நான் ஒருவன்தான். வாசல் காவலர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தடத்தில் கடைசி வரை எதுவும் முடிவாகாது. 2008-இல் தொடங்கி 2023 வரை இங்கே நடந்த எல்லாப் பந்தயங்களிலும் ஒருமுறையாவது சேஃப்டி கார் (விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாக்கி முன்னால் போகும் கார்) வெளியே வந்திருக்கிறது. 2024-இல்தான் முதல்முறையாக வரவில்லை. 2023-இல் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸல் கடைசிச் சுற்றில் சுவரில் மோதினார். மழை வந்தால் இன்னும் மோசம். 2022-இல் பந்தயம் தொடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது.

ஆகவே திங்கள் மதியத்துக்கு அப்புறம் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். இன்னொன்று, இரவு 12.50 விமானம் என்றால் தேதி மாறிவிடும். "ஞாயிறு ராத்திரி" என்று நினைத்து ஞாயிறு 00.50-க்குப் பதிவு செய்தால், அது சனி இரவு தகுதிச்சுற்று (பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்று முடிவு செய்யும் ஓட்டம்) முடிந்த கையோடு கிளம்பிவிடும்.

போகும் விமானம் வியாழன் இரவு அல்லது வெள்ளி காலை போதும்.

இரண்டாம் படி: பந்தய டிக்கெட்

தடம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதலாம் மண்டலத்தில்தான் பிட் (கார்கள் டயர் மாற்ற நிற்கும் இடம்), தொடக்கக்கோடு, முதல் மூன்று வளைவுகள். அந்த டிக்கெட் இருந்தால் மற்ற மண்டலங்களுக்கும் போய்வரலாம். நான்காம் மண்டலம் பாடாங் திடலைச் சுற்றியது, விலை குறைவு. அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு முதலாம் மண்டலத்துக்குள் போக முடியாது.

டிக்கெட்டில் இரண்டு வகை. இருக்கை எண்ணுள்ள கிராண்ட்ஸ்டாண்ட் ஒன்று. இருக்கை இல்லாமல் சுற்றித் திரிந்து நின்று பார்க்கும் 'வாக்அபவுட்' இன்னொன்று. நான்காம் மண்டல வாக்அபவுட்டுக்கு மூன்று நாளுக்குச் சில நூறு சிங்கப்பூர் டாலர் ஆகும். பிட் கிராண்ட்ஸ்டாண்ட் ஆயிரத்தைத் தாண்டிவிடும். டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கார்டில் கட்டினால் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவருக்கு எது நல்லது? நான் கேட்பது ஒன்றே ஒன்று: எதிரே பெரிய திரை இருக்கிறதா? நேரில் பார்க்கும்போது கார் உங்கள் கண்முன் இருப்பது சில விநாடிதான். மீதி ஒன்றரை நிமிடம் என்ன நடக்கிறது என்று திரைதான் சொல்ல வேண்டும். பிட் எதிரே உட்கார்ந்தால் டயர் மாற்றுவது தெரியும், ஆனால் கார் நேர்கோட்டில் பறந்துவிடும். பாடாங் பக்கம் வளைவுகளில் வேகம் குறைவதால் ஓட்டுநர் கை அசைவது வரை தெரியும். ரஸ்ஸல் மோதிய பத்தாவது வளைவும் அந்தப் பக்கம்தான். போதாக்குறைக்கு, இரவுக் கச்சேரிகளின் பெரிய மேடையும் பாடாங்கில்தான். விலை குறைந்த டிக்கெட்டுக்காரருக்கும் அந்தக் கச்சேரி உண்டு. காசு நெருக்கடி என்றால் தயங்காமல் நான்காம் மண்டலம் வாங்குங்கள்.

நிற்க முடியாதவர்களோ வயதான அப்பா, அம்மாவோ கூட வந்தால் வாக்அபவுட் வேண்டாம். நல்ல இடத்தைப் பிடிக்க மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை தேவையா என்று பலரும் கேட்பார்கள். 2026-இல் சிங்கப்பூரில் முதல்முறையாக ஸ்பிரிண்ட் என்ற குட்டிப் பந்தயமும் வருகிறது. வெள்ளி ஒரே ஒரு பயிற்சி ஓட்டம், அப்புறம் ஸ்பிரிண்ட்டுக்கான தகுதிச்சுற்று. சனி ஸ்பிரிண்ட்டும் முக்கியத் தகுதிச்சுற்றும். மூன்று நாளும் ஏதோ ஒரு போட்டி இருக்கிறது, மூன்று நாள் டிக்கெட்டுக்குக் காசு வீணாகாது.

அதிகாரப்பூர்வத் தளத்திலோ அவர்கள் அறிவித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். சமூக ஊடகத்தில் "என் நண்பர் வரவில்லை, பாதி விலைக்குத் தருகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: அறை

பந்தய வாரத்தில் மரினா பே பக்க விடுதி வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே தங்க வேண்டிய அவசியமே இல்லை. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், ஜாலான் பெசார் பகுதிகளில் தேடுங்கள். லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் பாதை ரயில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், மூன்றாவது நிறுத்தம் புரோமெனாட். இறங்கினால் தடத்தின் வாசல். நான்காம் மண்டலத்துக்கு சிட்டி ஹால் நிலையம் வசதி. வடகிழக்குப் பாதையில் ஒரே நிறுத்தம் போய் தோபி காட்டில் மாறிக்கொள்ளலாம்.

இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையை இன்றைக்கே போட்டு வையுங்கள், விசா வந்த பிறகு உறுதி செய்துகொள்ளலாம். பக்கத்து மலேசியாவின் ஜோகூரில் மலிவாகத் தங்கி எல்லை தாண்டி வரலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். நள்ளிரவில் களைத்துப்போய் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். சிங்கப்பூர் விசா பல முறை நுழைவுக்கானதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு வேண்டாம்.

நான்காம் படி: விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். நீங்களே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற பயண முகவர் வழியாகவோ, சிங்கப்பூரில் இருக்கும் தகுதியுள்ள உறவினர் அல்லது நண்பர் வழியாகவோதான் போட வேண்டும். படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. முகவரின் கூலி தனி.

போய்ச் சேரும் தேதிக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ரொம்ப முன்னாடி ஓடிப் பயனில்லை, கடைசி வாரம் வரை இழுத்தடிக்கவும் வேண்டாம்.

அப்புறம் வருகை அட்டை. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில், போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாரோ நடத்துவது, மூடிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பை

முதலில் எடுத்துப் போகக்கூடாதவை. ஹான்ஸ், குட்கா, மெல்லும் புகையிலை எதுவும் கூடாது. மின்சிகரெட் கூடவே கூடாது. சூயிங் கம்மையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டையும் அறிவிக்க வேண்டும்.

இருட்டிய பிறகும் புழுக்கம் அடங்காத ஊர் அது. ஓட்டுநர்கள் ஒரு பந்தயத்தில் மூன்று கிலோ வரை வியர்வையில் இழப்பார்கள். 2025-இல் வெப்ப அபாயம் என்று முதல்முறையாக அறிவிப்பு வந்ததும் இங்கேதான். மெல்லிய பருத்திச் சட்டை, பழகிய செருப்பு அல்லது ஷூ, மழைக்கோட்டு, பவர் பேங்க். குடையைவிட மழைக்கோட்டே மேல். குடை விரித்தால் பின்னாலிருப்பவர் உங்கள் பாட்டன் பூட்டன் வரை பேசுவார். மறந்து போனால் லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் வாங்கிக்கொள்ளலாம். காதடைப்பானும் வேண்டும். இன்றைய ஆறு சிலிண்டர் என்ஜின் பழையவை அளவு அலறாதுதான், ஆனால் இது தெருத்தடம், கட்டடங்களில் மோதித் திரும்பும் சத்தம் குழந்தைகளுக்குத் தாங்காது. தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் டிக்கெட் தளத்தில் இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை படியுங்கள்.

ஆறாம் படி: அந்த மூன்று நாள்

புதிதாகப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு எழுந்து சென்டோசா, விலங்குக்காட்சிசாலை என்று அலைவார்கள். மாலை ஆறு மணிக்குக் கால் கெஞ்சும். பந்தய அணிகள் என்ன செய்கின்றன தெரியுமா? சிங்கப்பூருக்கு வந்தும் ஐரோப்பிய நேரத்திலேயே வாழ்கின்றன. விடியும்போது படுத்து, மதியத்துக்கு மேல் எழுகிறார்கள். நமக்கும் அதுதான் வழி. நம்மைவிட அந்த ஊர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், பத்து மணி வரை தூங்கினாலும் உடம்புக்கு அது ஏழரைதான். ஊர் சுற்றுவதை முன்னோ பின்னோ ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், உள்ளே எல்லாம் விலை. டாக்சி வேண்டாம். ராஃபிள்ஸ் புலவார், செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை, எஸ்பிளனேட் டிரைவ் எல்லாம் ஓடுதடமாகிவிடும், வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். ரயிலுக்கு உங்கள் வங்கியின் கான்டாக்ட்லெஸ் கார்டையே தட்டலாம், வெளிநாட்டுக் கார்டுக்குச் சிறு கட்டணம் சேரும். உங்கள் டிக்கெட்டில் எந்த வாசல் எண் என்று பார்த்து, அதற்குப் பக்கத்து நிலையத்தில் இறங்குங்கள். தப்பான வாசலில் இறங்கினால் தடத்தைச் சுற்றி நடப்பது இன்னொரு பந்தயம்.

கூட்டத்தில் செல்பேசி தொடர்பு மந்தமாகிவிடும். சேர்ந்து போகிறவர்கள் "பிரிந்தால் இந்த இடத்தில்" என்று உள்ளே நுழைந்தவுடனே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பந்தயம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். எல்லோரும் அதே நிலையத்துக்குத்தான் ஓடுவார்கள். பரிசளிப்பைப் பாருங்கள், கச்சேரியில் இரண்டு பாட்டு கேளுங்கள், நெரிசல் குறையும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அன்று காலையே பார்த்துக் குறித்து வையுங்கள்.

திங்கள் காலை பெட்டியைக் கட்டி விடுதியில் ஒப்படைத்துவிட்டு ஆண்டர்சன் பாலத்துப் பக்கம் போங்கள். 1910-இல் திறந்த இரும்புப் பாலம், முந்தின இரவு கார்கள் பாய்ந்து போன அதே இடம். அந்தப் பக்கம் தடுப்புகளையும் வேலிகளையும் கழற்றிக்கொண்டிருப்பார்கள். தார் ரோட்டில் கறுப்பு டயர்த்தடம் இருக்கும். ஓரமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடியுங்கள்.