எதிரொலியை மீன் என்று எண்ணிவிடாதீர்கள்

ஒலியை வைத்துக் கடலோர மீன்வளத்தைக் கணக்கிடும்போது, எக்கோ சவுண்டர் (நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பதியும் கருவி) மீனை எண்ணுவதில்லை. திரும்பி வரும் ஒலியின் வலிமையை மட்டுமே அளக்கிறது. அந்த மொத்த எதிரொலியை ஒரு தனி மீன் எழுப்பும் எதிரொலியால் வகுத்தால்தான் எண்ணிக்கை கிடைக்கும். நான் அதிகம் அஞ்சுவது இந்த வகுக்கும் எண்ணைத்தான்.

மிதக்க உதவும் காற்றுப்பை உள்ள மீனிடமிருந்து வரும் எதிரொலியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்தப் பையிலிருந்தே வருகிறது. அதனால் ஒரே நீளமுள்ள இரண்டு இனங்களின் எதிரொலி ஒன்றாக இருக்காது. 20 செ.மீ. மீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 38 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஹெர்ரிங் மீனுக்கு வழக்கமாகப் போடும் சூத்திரம் தனி மீனின் எதிரொலியாக −45.9 டெசிபல் தரும், காட் வகை மீனுக்கானது −41.5 தரும். 4.4 தானே என்று விட்டுவிடாதீர்கள். டெசிபல் மடக்கை அளவு (10 டெசிபல் கூடினால் வலிமை 10 மடங்காகும்) என்பதால், அந்த 4.4 உண்மையில் 2.75 மடங்கு. ஹெர்ரிங் கூட்டத்துக்குக் காட் சூத்திரத்தைப் போட்டால் 1,00,000 மீன் சுமார் 36,000 ஆகிவிடும். அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்கோ காற்றுப்பையே கிடையாது. பெரிய கூட்டம்கூடத் திரையில் மங்கலாகத்தான் தெரியும்.

இதே மடக்கை இன்னொரு இடத்திலும் காலை வாரும். −40, −50 டெசிபல் ஆகிய இரண்டு அளவீடுகளுக்கும் சராசரி −45 என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு. முதலில் சாதாரண எண்களாக மாற்றி, சராசரி எடுத்து, பிறகு டெசிபலுக்குத் திரும்ப வேண்டும். விடை சுமார் −42.6 வரும்.

திரையில் தெரியும் அடர்ந்த திட்டு மீனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அலை கலக்கிய காற்றுக்குமிழ்களும் அப்படியே தெரியும். வலை வீசி மாதிரி எடுக்காமல் இனத்தையும் நீளத்தையும் ஊகிப்பது வேண்டாம். அந்த வலையின் கண்ணளவே சிறு மீன்களைத் தப்பவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அளவுத்திருத்தம் செய்யாமல் கிளம்பவே கூடாது. எதிரொலி எவ்வளவு என்று முன்பே தெரிந்த 38.1 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு உருண்டையைத் தூண்டில் நரம்பில் கட்டி, படகுக்கு அடியில் ஒலிக்கற்றைக்குள் தொங்கவிட்டுச் சரிபார்ப்பது நெடுநாளைய வழக்கம். அலுப்பான வேலைதான், ஆனாலும் விட்டுவிட முடியாது.

கடலோரத்துக்கே உரிய சிக்கல் ஆழமின்மை. 7 பாகை அகலமுள்ள கற்றை 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 1.2 மீட்டர் விட்டத்தைத்தான் பார்க்கும். கருவிக்கு மேலே நீந்தும் மீன் அதில் விழாது. தரையை ஒட்டிக் கிடக்கும் மீனின் எதிரொலியும் தரையின் எதிரொலியோடு கலந்துவிடும். படகின் சத்தத்துக்கு விலகிப் போகும் மீன்கள் வேறு. பகலில் அடர்ந்து திரியும் கூட்டம் இரவில் கலைந்து பரவும் என்பதால், இரண்டு வேளைகளின் பதிவையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

ஆழமற்ற நீரில் சிலர் கருவியைப் பக்கவாட்டில் திருப்பிவைக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அப்போது ஒலி மீனின் முதுகில் படாமல் விலாவில் படுகிறது. முதுகுப்பக்கம் அளந்து உருவாக்கிய சூத்திரம் அதற்குப் பொருந்தாது. வகுக்கும் எண்ணை மறுபடியும் புதிதாகத் தேட வேண்டும்.