தகட்டுப் பெட்டியைக் குறைந்த செலவில் வரைவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

மின்வெட்டுக் காலங்களைச் சமாளிக்க இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிய, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீடுகளில், அவற்றை மூடிவைக்கத் தகட்டுப் பெட்டி ஒன்றைத் தாமே வரைந்து, ஜேக்கப்ஸ் போன்ற தொழிற்பகுதிப் பட்டறைகளில் செய்துகொள்ள விரும்புவோர் உண்டு. அந்தப் பெட்டியின் விலையில் பெரும்பகுதி, வரைபடம் பட்டறைக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் தகட்டைத் தேர்ந்தெடுங்கள். இவ்வளவு சிறிய பெட்டிக்கு 1.6 மி.மீ. போதும், எல்லாப் பாகங்களையும் ஒரே தடிமனில் வரைந்தால் அவற்றை ஒரே தகட்டிலிருந்து வெட்டலாம். கடற்காற்று படும் இடமென்றால் துத்தநாகம் பூசிய தகடோ, தென்னாப்பிரிக்காவிலேயே உருவாக்கப்பட்ட, சுமார் 12 விழுக்காடு குரோமியம் கொண்ட 3சிஆர்12 எஃகோ நெடுநாள் நிற்கும். இங்கே எளிதில் கிடைக்கும் தகட்டின் அளவு 2450 × 1225 மி.மீ. என்பதை மறவாதீர்கள். 600 மி.மீ. அகலத் துண்டுகள் இதன் குறுக்கே இரண்டு அமையும். அகலம் 620 ஆனால் ஒன்றுதான் அமையும், மீதி ஏறக்குறைய பாதித் தகடு கழிவாகக்கூடும்.

அடுத்தது வளைவுகள். அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். வளைவின் உட்பக்க ஆரத்தைத் தகட்டின் தடிமனுக்குச் சமமாக வைத்து, எல்லா வளைவுகளுக்கும் அதையே கொடுங்கள்; இல்லையெனில் தகட்டை வளைக்கும் இயந்திரமான பிரஸ் பிரேக்கில் கருவியை மாற்றும் நேரத்துக்கும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். வளைக்கும்போது தகட்டுக்கு அடியில் இருக்கும் டை என்னும் அச்சின் வாய் பொதுவாகத் தடிமனைப் போல எட்டு மடங்கு இருக்கும் என்பதால், மடித்த பகுதியின் அகலம் மிகக் குறுகினால் அதன் விளிம்பு வாய்க்குள் நழுவிவிடும், 1.6 மி.மீ. தகட்டுக்கு 10 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். துளையின் விளிம்பும் வளைவு தொடங்கும் இடமும் தடிமனைப் போல மூன்று மடங்காவது விலகியிருக்க வேண்டும், நெருங்கினால் துளை இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும். மடிப்பு, ஓரத்தின் நடுவில் முடிந்தால் அங்கே தடிமன் அளவு அகலமும், ஆரம், தடிமன் இரண்டின் கூட்டுத்தொகையைவிடச் சற்று அதிக ஆழமும் கொண்ட சிறு வெட்டு கொடுங்கள், தகடு கிழியாது.

பிறகு விரித்த நீளத்தை, அதாவது மடிக்கும் முன் தட்டையாக வெட்ட வேண்டிய நீளத்தைக் கணக்கிடுங்கள். வெளி அளவு 50, 30 மி.மீ. உள்ள செங்கோண மடிப்பில், ஒவ்வொன்றிலும் ஆரம், தடிமன் இரண்டின் கூட்டுத்தொகையான 3.2-ஐக் கழித்தால் நேர்ப்பகுதிகள் 46.8, 26.8. வளைவின் நீளம் 1.57 (பை மதிப்பில் பாதி) × (ஆரம் 1.6 + 0.42 × தடிமன் 1.6), அதாவது 3.57. ஆக மொத்தம் 77.17 மி.மீ. இதில் 0.42 என்பது கே மதிப்பு: வளைக்கும்போது நீளம் மாறாத கோடு, தடிமனில் உட்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டுவது. அது கருவிக்குக் கருவி மாறும் என்பதால், பட்டறைக்காரர் தம் இயந்திரத்துக்குச் சொல்லும் மதிப்பையே பயன்படுத்துங்கள்.

ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், ஆகவே பெட்டியின் மேற்பகுதியில் காற்றுத் திறப்பு கட்டாயம். ஒவ்வொரு துளையிலும், தகட்டை வெட்டும் லேசர் முதலில் தகட்டைத் துளைத்தாக வேண்டியிருப்பதால், நூறு சிறு துளைகளைவிடச் சில நீண்ட பிளவுகள் மலிவு. மூலைகளை வெல்டிங் செய்வதற்குப் பதில் ஓரத்தில் மடித்த சிறு பட்டைகளை (காதுகளை) ரிவெட்டால் பிணைத்தால், வெல்டிங்குக்குப் பிறகான தேய்ப்பு வேலையும் மிச்சமாகும்.

துல்லியமான அளவைப் பொருந்தும் துளைகளுக்கு மட்டும் கேளுங்கள். வெட்டும் இயந்திரம் படிக்கக்கூடிய டி.எக்ஸ்.எஃப். (DXF) வரைபடக் கோப்புடன், ஒவ்வொரு மடிப்பும் மேலா கீழா என்று குறித்த படத்தையும் கொடுங்கள். அதற்கு முன் உண்மை அளவில் ஓர் அட்டையை வெட்டி மடித்து, பேட்டரி உள்ளே போய் வருகிறதா என்று பாருங்கள்.