மத்திய அரசு வேலை: அட்டெஸ்டேஷன் படிவத்தில் சிக்காமல் இருக்க

தேர்வானவர்களின் நன்னடத்தையையும் முன்வரலாற்றையும் சரிபார்க்க அட்டெஸ்டேஷன் படிவம் ஒன்று தருவார்கள். போலீஸ் விசாரணைக்கு அடிப்படை அதுதான்.

கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்கிய இடங்களை எல்லாம் கேட்பார்கள். ஹாஸ்டல், வாடகை அறையும் கணக்கில் உண்டு. கதவு எண், தெரு, காவல் நிலையம், மாவட்டம் வரை எழுதுங்கள். வெளி மாவட்டத்தில் இருந்திருந்தால் சரிபார்க்க அங்கும் கடிதம் போய்வர வேண்டும். முகவரி அரைகுறையாக இருந்தால் விசாரணை இழுத்துக்கொண்டே போகும். 15 வயது முதல் படித்த பள்ளி, கல்லூரி விவரத்தைச் சான்றிதழைப் பார்த்தே நிரப்புங்கள்.

பலர் சறுக்குவது வழக்கு பற்றிய கேள்வியில். "விடுதலை ஆகிவிட்டதே, எதற்கு எழுத வேண்டும்?" என்று விட்டுவிடுகிறார்கள். கேள்வி தண்டனையைப் பற்றி மட்டுமல்ல. எப்போதாவது கைதானீர்களா, வழக்கு நடந்ததா, நீதிமன்றம் அபராதம் விதித்ததா என்பதும்தான். எழுதிவிட்டு, தீர்ப்பு நகலையும் இணையுங்கள். சின்ன வழக்கைவிட அதை மறைத்ததே வேலைக்கு உலை வைக்கும். அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் மன்னிக்கலாம் என்றது. மன்னித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

படிவம் கொடுத்த பிறகு புது வழக்கு வந்தாலும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அதுவும் மறைத்ததாகவே கொள்ளப்படும்.