தெருப்பூனையை மீட்கப் போய் நாம் சொதப்பும் இடங்கள்

சில நாள் தொடர்ந்து சாப்பாடு வைத்தாயிற்று. பூனையும் காலில் வந்து உரசுகிறது. சரி, இனி தூக்கிவிடலாம் என்று குனிகிறோம். அடுத்த நொடி கையில் நாலு கீறல், பூனை மதிலுக்கு அந்தப் பக்கம். அப்புறம் பல நாள் அது கண்ணிலேயே படாது.

மீட்பு முயற்சிகள் அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். காலை உரசும் பூனை, நம் பக்கத்தில் நிற்கலாம் என்று மட்டும்தான் முடிவு செய்திருக்கிறது. நாலு காலும் தரையை விட்டு எழும்புவது அதற்கு வேறு விஷயம். அந்த நேரத்தில் அது தன் உயிருக்குப் போராடும். அதனால் பூனை நம்மீது பாசம் வைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது ஒரு பெட்டியை நம்பினால் போதும், வேலை முடிந்துவிடும்.

பூனையைப் பிடிக்கும் நாளன்றுதான் பெட்டியைப் புதிதாகக் கொண்டுவருவது பலர் செய்யும் தவறு. பூனையைத் தூக்கிச் செல்லும் கேரியரோ கூண்டோ, எதுவானாலும் ஆரம்பத்திலிருந்தே சாப்பாடு வைக்கும் இடத்தில் கிடக்கட்டும். கதவு காற்றில் ஆடி மூடிக்கொள்ளாதபடி கட்டிவிடுங்கள். கம்பிக்கூண்டு என்றால் தரையில் செய்தித்தாளோ பழைய துணியோ விரியுங்கள். பாதத்தில் கம்பி பட்டாலே பல பூனைகள் பின்வாங்கும். தட்டு முதலில் வாசலுக்கு வெளியே, அப்புறம் வாசலில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே, கடைசியில் பின்பக்கச் சுவரை ஒட்டி. பூனை முழுதாக உள்ளே போய், தலை நிமிராமல் நிதானமாகச் சாப்பிடும் வரை கதவில் கை வைக்க வேண்டாம். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது அவசரப்பட்டுச் சாத்தப்போனால், தப்பிய பூனை அந்தப் பெட்டியை லேசில் மறக்காது. கதவு மூடியதும் பெட்டியை ஒரு தடித்த துணியால் மூடுங்கள். இருட்டில் பூனை சீக்கிரம் அடங்கும். பாவம் என்று கதவைக் கொஞ்சமாகத் திறந்து தடவிக்கொடுக்கவே கூடாது.

நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைத்திருப்பதும் உதவாது. நீங்கள் இல்லாதபோதும் சாப்பாடு கிடைத்தால், நீங்கள் இருக்கும்போது வர அதற்கு என்ன அவசியம்? ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய வேளையைத் தவிர்த்தால் வளர்ந்த பூனை பசியோடு வரும் (சின்னக்குட்டிகளை இப்படிப் பட்டினி போடக் கூடாது). அக்கம்பக்கத்தில் வேறு யாராவது அதே பூனைக்குச் சாப்பாடு வைக்கிறார்களா என்று கேட்டு, அன்றைக்கு மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு, கூண்டு சரியில்லை என்று புலம்புபவர்கள் நிறைய.

அடுத்தது பார்வை. ஆசையாக உற்றுப் பார்ப்பது நமக்கு அன்பு, பூனைக்கு மிரட்டல். பக்கவாட்டில் திரும்பி, தாழ உட்கார்ந்து, கண்களைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டுங்கள். பிரிட்டனின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாகக் கண் சிமிட்டிய அறிமுகமில்லாதவர்களின் நீட்டிய கையை நோக்கி வீட்டுப் பூனைகள் அதிகமாக வந்தன. தெருவில் வளர்ந்த பூனையிடம் அதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்; முறைப்பதைவிட நிச்சயம் நல்லது. கையை மேலிருந்து தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். விரலைத் தாழ நீட்டி, அது மோந்து பார்த்த பிறகு கன்னம், தாடை. மல்லாந்து வயிற்றைக் காட்டினால் தடவச் சொல்கிறது என்று அர்த்தம் இல்லை. வால் பட்பட்டென்று அடித்தாலோ, காது பக்கவாட்டில் மடிந்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ கையை எடுத்துவிடுங்கள்.

எல்லாத் தெருப்பூனையையும் வீட்டுப்பூனை ஆக்கிவிடலாம் என்ற நினைப்பும் தவறுதான். வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வருவது, நம்மைப் பார்த்துக் கத்துவது எல்லாம் முன்பு மனிதரோடு இருந்த பூனையாக இருக்கலாம் என்பதற்கு அடையாளம். மனிதர் கை படாமலேயே வளர்ந்த பூனை சத்தமே போடாமல் பதுங்கும். அதை மடியில் உட்கார வைக்க மாதக்கணக்கில் போராடுவதைவிட, பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடுவதே அதற்கு நல்லது என்பது என் கருத்து. ஒரு காதின் நுனி நேர்க்கோட்டில் வெட்டியிருந்தால் யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்திருக்கிறார்கள்.

குட்டிகள் விஷயத்தில்தான் நல்ல மனசு அதிகம் கெடுதல் செய்கிறது. தனியாகக் கிடக்கும் குட்டிகளைக் கண்டதும் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறோம். தாய் இரை தேடிப் போயிருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் திரும்பும். நாம் அங்கேயே நின்றால் அது வரவும் வராது. உடனடி ஆபத்து இல்லையென்றால் தூரத்திலிருந்து கவனியுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: பிடித்த பெண்பூனையின் மடி கனத்து, காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் பாலுக்குக் காத்திருக்கின்றன. தாயை மட்டும் கொண்டுபோனால் அவை செத்துப்போகும்.

தாய் இல்லை என்பது உறுதியானால், முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, உயிருக்கே ஆபத்து. பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர் வாங்குங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்க வேண்டும்.

குட்டி மனிதரோடு எளிதில் பழகும் காலம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அதற்குப் பிறகும் பழக்கலாம், நாள் பிடிக்கும். சீறும் குட்டியைப் பார்த்துக் கோபக்காரன் என்று ஒதுக்கிவிடாதீர்கள்; அதற்குப் பயம், அவ்வளவுதான். ஈரத்தீனியை விரல் நுனியிலோ கரண்டியிலோ நீட்டி, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே மறு கையால் தோளை லேசாகத் தொடுங்கள். நிமிர்ந்து பார்த்தால் நிறுத்துங்கள், மீண்டும் நக்க ஆரம்பித்தால் தொடுங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம். கூடப் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நம்மைச் சட்டை செய்யாவிட்டால், பழக்கும் நேரத்தில் மட்டும் தனித்தனியாக வைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் முழு வீட்டையும் திறந்துவிட்டால் பூனை அலமாரிக்குப் பின்னால் போய் ஒளியும், நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு சின்ன அறை, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, மலஜலம் கழிக்க மண் போட்ட தட்டு, தண்ணீர் போதும். வீட்டில் வேறு பூனை இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் சேர்க்காதீர்கள், தட்டுகளும் தனி. காய்ச்சல் போலத் தெரிகிறதே என்று மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினும் பூனைக்கு விஷம்.

கடைசியாக நம் கை. பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் நாய்க்கடியால் மட்டும் வருவதில்லை.